மலை இறங்கிய வழி

ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்த நம் முன்னோர் சித்திரைக்கும் வைகாசிக்கும் இளவேனில் என்று பெயர் வைத்தார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சித்திரை மாதத்து மதியத்தில் அயோத்தியாப்பட்டணம் ரயில் நிலையத்தில் விருத்தாசலம் வண்டிக்குக் காத்திருந்ததில்லை என்பது அந்தப் பெயரிலிருந்தே தெரிகிறது. 'இளவேனில்' என்று சொல்லிப் பார்த்தால் எங்கிருந்தோ ஒரு தென்றல் வருகிறது. இங்கே வருவது சென்னை ரோட்டில் போகும் லாரியின் காற்று. வெயில் 38, 39 என்று ஏறி 40 டிகிரியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறந்த பிறகுதான் அதுவரை அடித்ததெல்லாம் வெறும் ஒத்திகை என்று புரியும். இந்த ஒத்திகை நாட்களில் வடக்கே தலையைத் தூக்கிப் பார்த்தால் சேர்வராயன் மலை நிற்கிறது. பெருமழை பெய்த ஆண்டுகளுக்குப் பிறகு இம்மாதிரி மலைகளின் பச்சை நெற்றியில் மேலிருந்து கீழாகச் செம்மண் கோடு ஒன்று விழுந்திருக்கும். கோதண்டராமர் கோயில் கொண்டிருக்கும் ஊருக்கு எதிரே நிற்பதால் மலைக்கும் யாரோ ஸ்ரீசூர்ணம் இட்டுவிட்டார்கள் என்று பக்தர் நினைக்கலாம். மண் சரிந்த தடம் அது என்று விவரம் தெரிந்தவர் சொல்வார். இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதுக்காரர் மூன்றாவதாக ஒன்று நினைப்பார்: "நேராத்தானே இருக்குது, ஏறிடலாம்." இந்தக் கட்டுரை அந்த மூன்றாமவருக்காக. மலை அந்த வழியாக இறங்கியிருக்கிறது. அதிலே ஏறுவது ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் போவது; எதிரே வரக்கூடிய வண்டி மலை என்பதால் விட்டுக்கொடுக்க வேண்டியவர் யார் என்ற சந்தேகத்துக்கு இடமே இல்லை. என் கட்சி இவ்வளவுதான். மிச்சமெல்லாம் சாட்சியம்.

மலை எப்படி இறங்குகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரை கடந்த புயல் மரியாதையாகக் கரைந்து போவதுதான் வழக்கம். இது உள்நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. கடல் பார்க்காத ஊருக்குக் கடலே நேரில் வந்த கதைதான். ஏற்காட்டு மலைப்பாதைகளில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது. அயோத்தியாப்பட்டணத்துக்காரர்கள் மலையேறும் குப்பனூர்ச் சாலையும் தப்பவில்லை. அதே மழையில் திருவண்ணாமலையின் அடிவாரத்தில் பாறையும் மண்ணும் சரிந்து ஒரே வீட்டில் ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தார்கள். அந்த இடத்தில் நகைச்சுவை வாயை மூடிக்கொள்ள வேண்டும், மூடிக்கொள்கிறேன். நான் சொல்ல வந்தது காரணத்தை மட்டும். மலையின் பாறைக்கு மேலே, பல்லாயிரம் ஆண்டுகளாக அந்தப் பாறையே உளுத்து உண்டான மண் போர்வை மாதிரி கிடக்கிறது. அந்தப் போர்வைக்குள் தண்ணீர் இறங்கி, மண்ணுக்கும் பாறைக்கும் நடுவே தேங்கி, எடையைக் கூட்டிப் பிடிப்பைக் குறைக்கிறது. ஒரு கட்டத்தில் போர்வை நழுவுகிறது. சாலை போடுவதற்காக அடியில் வெட்டிய இடங்களில் இன்னும் சுலபமாக நழுவுகிறது. நழுவியது நின்ற இடத்தில் நெடுஞ்சாலைத் துறை மணல் மூட்டைகளை அடுக்குகிறது. நழுவாமல் மிஞ்சியது மேலே தொங்குகிறது. இடையில் தெரிகிற செங்கோட்டைத்தான் நம் நண்பர் பாதை என்கிறார்.

நண்பர் கணக்கில் கெட்டிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதல் ஆட்சேபணையைக் காகிதத்தில் எழுதிக் காட்டுவார். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 20 கிலோமீட்டர் சுற்றி 1,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஏறுகிறது. அதாவது 100 மீட்டர் உயரம் ஏற ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். சரிவுத் தடமோ 35 டிகிரி சாய்வு. அதே 100 மீட்டர் உயரத்துக்கு 175 மீட்டர் போதும். இரண்டு கிலோமீட்டர் எங்கே, 175 மீட்டர் எங்கே? இதோடு விடமாட்டார். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு சூத்திரம் சொல்லியிருக்கிறார்: சமதளத்தில் மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதன்படி சாலை வழியில் அந்த 100 மீட்டர் உயரத்துக்கு அரை மணிக்கு மேலாகும், சரிவு வழியில் பன்னிரண்டு நிமிடம். காகிதத்தில் அவர் ஏற்கெனவே ஏற்காடு போய் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் நெய்ஸ்மித் அந்தக் கணக்கைப் போட்டது ஸ்காட்லாந்தில். அங்கே மலையேறுகிறவருக்குப் பெரிய தொல்லை மூடுபனி. காலடி மண் காலடியிலேயே இருக்கும் என்பது அந்தச் சூத்திரத்தில் எழுதப்படாத முதல் வரி. அந்த வரியை எடுத்துவிட்டால் சூத்திரமே சரிந்துவிடும்.

ஏன் என்பதற்கு இயற்பியல் புத்தகம் வேண்டாம், களத்து மேடு போதும். சேலம் மாவட்டத்தில் ஜவ்வரிசி காயும் களத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: குவியலாகக் கொட்டினால் அது ஒரு குறிப்பிட்ட சாய்வுக்கு மேலே நிமிராது. மேலே ஒரு கூடை கொட்டினால் பக்கவாட்டில் ஒரு கூடை வழியும். உருண்டையான ஜவ்வரிசிக்கு அந்தச் சாய்வு குறைவு. முனை முனையாக உடைந்த கல்லுக்கும் மண்ணுக்கும் 30லிருந்து 40 டிகிரிக்குள் இருக்கும். சரிந்த மலையின் உதிரி மண் போய் ஓய்வெடுப்பது இந்தச் சாய்வில்தான். ஓய்வு என்றால் முழு ஓய்வு இல்லை; மதியத் தூக்கம். ஒரு கால் வைத்தால் விழித்துக்கொள்ளும். இரண்டு அடி வைத்தால் ஓரடி கீழே கொண்டு வந்து விடும். இந்தத் தொழில்நுட்பத்தை நம் வீட்டுத் திண்ணை ஓரத்திலேயே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். குழியானை. காய்ந்த புழுதியில் புனல் மாதிரிக் குழி பறித்து, சுவரை மிகச் சரியாக அந்தச் சாய்விலேயே நிறுத்தி, அடியில் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். உள்ளே விழுந்த எறும்பு ஏறும், வழுக்கும், மறுபடி ஏறும், மறுபடி வழுக்கும். எறும்புக்கு ஆறு கால் இருந்தும் இந்தக் கதி. இரண்டு காலோடும், புதிதாக வாங்கிய ஷூவோடும், செல்ஃபிக் குச்சியோடும் போகிறவர் கதியை ஊகித்துக்கொள்ளலாம். மலைச் சரிவின் அடியில் யாரும் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பதில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இங்கே அடுத்த ஆட்சேபணை வரும்: "மழைக்காலத்தில் போனால்தானே ஆபத்து? கோடையில் மண் காய்ந்து கட்டிப்பட்டிருக்குமே?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கடற்கரையில் மணல் வீடு கட்டிய எந்தக் குழந்தையும் இதற்குப் பதில் சொல்லும். ஈர மணல் நிற்கும். காய்ந்த மணல் உதிரும். அலை வந்து முழுக்க நனைத்தால் கரைந்து ஓடும். துகளுக்கும் துகளுக்கும் நடுவே இருக்கிற துளி ஈரம்தான் பசை. அளவாக இருந்தால் பிடிக்கும், மிஞ்சினால் தள்ளும், அறவே இல்லையென்றால் கைவிடும். மார்கழியில் மிஞ்சியிருந்தது சித்திரையில் அறவே இல்லை. களிமண் கலந்த பகுதி ஓடாகக் காய்ந்து வெடித்து, பார்வைக்குப் படிக்கட்டு மாதிரியே இருக்கும். பொருட்காட்சி அப்பளம்கூடப் பார்வைக்குத் தட்டு மாதிரிதான் இருக்கிறது. அதோடு, மலையில் கோடை என்றால் மழையே இல்லை என்று யார் சொன்னது? காலையெல்லாம் காய்ந்து, மதியத்துக்கு மேல் கறுத்து, சாயங்காலம் இடியோடு கொட்டுகிற கோடை மழை ஏற்காட்டுக்காரர்களுக்குப் பழக்கம்தான். காலை பத்து மணிக்குக் கிளம்பி, குழியானைக் கணக்குப்படி ஏறி, நான்கு மணிக்குத் தடத்தின் நட்ட நடுவே நிற்கிறவருக்குக் காய்ந்த மண்ணின் பாடமும் நனைந்த மண்ணின் பாடமும் ஒரே டிக்கெட்டில் கிடைக்கும்.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பகுதியில் வெயில் என்பது தனி நபர். சேலம் இருப்பது வடக்கே ஏறக்குறைய பதினொன்றரை டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் 20ஐ ஒட்டிய நாட்களில், நண்பகலில் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. நிழலில்லா நாள் என்கிறார்கள். கம்பத்தின் நிழல் கம்பத்துக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும். மனிதனின் நிழல் அவன் செருப்புக்கு மட்டும் குடை பிடிக்கும். ஆக, புத்தகம் வசந்தம் என்று சொல்லும் அதே வாரத்தில்தான் நம் தலைக்கு மேலே சூரியன் செங்குத்தாக நிற்கிறது. அந்த நேரத்தில் மலையிலேயே மரம் இல்லாத ஒரே இடத்தைத் தேடிப் பிடித்து ஏறுவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். சரிவு போகிற வழியில் மரத்தை வேரோடு கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு துணிந்து குடியேறுவது புல்லும் உண்ணிச்செடியும். உண்ணிச்செடியைப் பிடித்து ஏறலாமே என்பவர்களுக்கு: அந்தத் தண்டில் முள் உண்டு, வேரோ உதிரி மண்ணில் நேற்று வந்து குந்தியது, பிடித்தால் கூடவே வந்துவிடும், விசுவாசமான செடி. வெறும் பாறை கண்ட இடமோ காலையிலிருந்து சூடேறி 50 டிகிரியைத் தாண்டிக் காத்திருக்கும். முட்டையின் வெள்ளைக்கரு இறுகத் தொடங்குவது 60க்குக் கொஞ்சம் மேலே. எனவே நாமக்கல் முட்டை அதில் முழுசாக வேகாது என்று நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். உள்ளங்கை வேகும். கடும் வெயிலில் ஏறுகிற உடம்பு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வையாக விடும். ஆறு மணி நேரத்துக்கு ஆறு லிட்டர் தண்ணீர் என்றால் ஆறு கிலோ. குழியானைச் சுவரில் ஏறும் எறும்பின் முதுகில் ஒரு மூட்டை.

வெளிநாட்டு உதாரணம் இல்லாமல் எந்த விவாதமும் முடியாது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து அடிரோண்டாக் மலைகளில் சரிவுத் தடங்களில் ஏறுவதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் அங்கே புதுத் தடங்களை உண்டாக்கியபோது, மலையேறிகள் புதுக்கடை திறந்த மாதிரி மகிழ்ந்தார்கள். இதைச் சொல்லிவிட்டு நண்பர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். ஆனால் அந்த மலைகளைப் பனியாறுகள் ஏற்கெனவே சுரண்டி வழித்திருக்கின்றன. பாறைமேல் மண் மெல்லிய விரிப்புதான். அது வழுக்கி விழுந்த பிறகு மிஞ்சுவது கழுவிவிட்ட மாதிரி ஒரே பாறைப் பலகை. ஷூ கவ்விப் பிடிக்கும். நம் மலையில் மண் ஆழம். வெயிலும் மழையும் சேர்ந்து பாறையைப் பல அடிக்கு உளுக்க வைத்திருக்கின்றன. சரிந்த பிறகு மிஞ்சுவது அரைகுறை மண்ணும், அதில் பல் ஆடுவதுபோல் ஆடும் உருண்டைப் பாறைகளும். அங்கே துடைத்த சிலேட்டு. இங்கே பாதி இடித்த வீடு. சேர்வராயன் மலையின் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறையில் பதித்திருந்த கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1890களில் அந்தக் கல்லறைக்காரர் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார். சகுனத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தாலும், பெயரே கல்லறையிலிருந்து எடுத்த கல், அதுவும் ஆடுகிற கல், அதன்மேல் காலை வைப்பதற்கு முன்பு ஒரு நிமிடம் யோசிப்பதில் தவறில்லை.

ஆடு ஏறுகிறதே என்பார்கள். ஆடு ஏறுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆடு எப்படி ஏறுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அது நேராக ஏறுவதே இல்லை. சரிவுக்குக் குறுக்கே கொஞ்ச தூரம் போகும், ஒரு செடியைக் கடிக்கும், திரும்பும், மறுபடி குறுக்கே போகும். மேயும் மலைகளில் வரி வரியாகக் குறுக்குக் கோடுகள் தெரிகின்றனவே, அவை ஆடும் மாடும் போட்ட கொண்டை ஊசி வளைவுகள். பொறியாளருக்கு முன்பே ஆடு கண்டுபிடித்துவிட்டது. ஏற்காட்டுக்கு 20 வளைவு என்றால், நாமக்கல் பக்கம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 வளைவு. லாரித் தொழிலையே உயிராகக் கொண்ட ஒரு மாவட்டம், டீசல் விலையைப் பைசா சுத்தமாகத் தெரிந்து வைத்திருக்கிற மாவட்டம், எழுபது முறை திரும்பித்தான் மலையேறுகிறது. நேராகப் போவது லாபம் என்றால் நாமக்கல்லில் யாராவது ஒருவர் எப்போதோ கணக்குப் போட்டுப் போயிருக்க மாட்டாரா?

கடைசி ஆட்சேபணைதான் கனமானது. "இப்படியெல்லாம் கணக்குப் பார்த்தால் சாகசம் ஏது? அனுமன் கணக்குப் பார்த்தா கடலைத் தாண்டினார்?" அனுமனை அழைத்ததற்கு நன்றி, என் கட்சியின் முக்கியச் சாட்சி அவர்தான். மூலிகைக்காக மலைக்குப் போன அனுமன் அந்த மலைமீது ஏறி, சரிவு சரிவாகத் தேடிக்கொண்டிருக்கவில்லை. மலையையே பெயர்த்து எடுத்து வந்துவிட்டார். உலகத்திலேயே திறமையான மலையேறி மலையேறுவதைத் தவிர்த்த வரலாறு அது. இலங்கையிலிருந்து அயோத்திக்குத் திரும்பிய ராமர் வழியில் இங்கே தங்கினார், அதனால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்கிறது தல வரலாறு. கூட வந்த வானர சேனைக்கு மலை என்றால் வெல்லம். எதிரே சேர்வராயன் மலை நின்றது. ராமரோ புஷ்பக விமானத்தில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தார். நாமக்கல்லில் 18 அடி உயர ஆஞ்சநேயர் மேற்கூரையே இல்லாமல் வெயிலில் நிற்கிறார், எதிரே ஒரே கல்லாலான மலைக்கோட்டை. அந்த மலைக்கும் மனிதர்கள் படி வெட்டித்தான் ஏறுகிறார்கள். வெயிலைத் தாங்குவதற்குத் தெய்வம் இருக்கிறது. நமக்குப் படி இருக்கிறது. சாகசத்துக்கு நான் விரோதி இல்லை. 2024 அக்டோபரில் மாநில அரசே 40 மலையேற்ற வழிகளை அறிவித்து, வழிகாட்டியோடு கூட்டிப் போகத் தொடங்கியிருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த மாநிலம் இது. கோடைக் காட்டில் அனுமதி கேட்கச் சொல்வது யாருடைய உற்சாகத்தையும் கெடுப்பதற்காக இல்லை.

இதற்குப் பிறகும் ஏறியே தீருவேன் என்பவருக்கு அந்தத் தடத்தின் முடிவைச் சொல்லிவிடுவது என் கடமை. சரிவு எங்கே தொடங்கியதோ அந்த உச்சி விளிம்பு, கத்தியால் வெட்டிய கேக் மாதிரி செங்குத்தாக நிற்கும். மேலே மரத்தின் வேர்கள் அந்தரத்தில் தொங்கும். அடுத்த பெருமழையில் உடையப்போவது பெரும்பாலும் அந்த விளிம்புதான். அதாவது, இருக்கிற தண்ணீரும் பலமும் தீர்ந்து, உள்ளங்கை வெந்து, கடைசியாகப் போய்ச் சேருகிற இடத்தில் இரண்டு ஆள் உயர மண் சுவர் நிற்கிறது. மேலேயிருந்து கை கொடுக்க யாரும் இல்லை. திரும்பி இறங்கலாம் என்றால், ஏறும்போது முகத்துக்கு நேரே இருந்த மண் இப்போது முதுகுக்குப் பின்னால் உருளும். அப்போதுதான் நண்பர் மலை வகுத்த விதியை முழுமையாகக் கடைப்பிடித்து, மலை எப்படி இறங்கியதோ அப்படியே இறங்குவார். அதே நேரத்தில் அடிவாரத்து மாந்தோப்பில் மல்கோவா காம்பு கழன்று விழுந்துகொண்டிருக்கும். சேலத்துக் கடைத்தெருவில் தட்டுவடைக்கு நடுவே காரட்டும் பீட்ரூட்டும் சட்னியும் வைத்து யாரோ நீட்டிக்கொண்டிருப்பார்கள். ஏற்காடு போகத்தான் வேண்டுமென்றால், அயோத்தியாப்பட்டணத்திலிருந்து குப்பனூர் வழியாகத் தார் ரோடு இருக்கிறது. வளைந்து வளைந்துதான் போகும்.